ரீக்கின் மலையில் நான்கு பேர்: குடும்பத்தோடு ஏறி, உச்சியிலிருந்து ஹாம் ரேடியோவில் பேச ஒரு முழு வழிகாட்டி

பிப்ரவரி மாதக் காற்றில், இங்கிலாந்திலுள்ள ரீக்கின் மலையுச்சியில் நின்று, உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோவில் மூன்று பேரோடு பேசி முடித்திருந்தேன். நான்காவது ஆள் கிடைக்கவில்லை. ஆறு வயது மகன் "எனக்குக் கால் இல்லை" என்றான். விரல்கள் மரத்துப்போனால் அவன் அப்படித்தான் சொல்வான். மனைவி ஒன்றும் சொல்லாமல் ஃப்ளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு டீ கூட விழவில்லை. இறங்கிவிட்டோம். மலையுச்சியிலிருந்து பேசிப் புள்ளி சேர்க்கும் இந்த விளையாட்டில் மூன்று தொடர்புக்குப் புள்ளி கிடையாது, நான்கு வேண்டும்.

அதே மலைக்கு ஜூன் மாதம் மறுபடியும் போனோம். முப்பத்தைந்து நிமிடத்தில் ஒன்பது தொடர்புகள். நடுவில் நான் பெரிய கருவி எதுவும் வாங்கிவிடவில்லை. அரை மீட்டர் கம்பி ஒன்றை வெட்டினேன், நிற்கும் இடத்தை மாற்றினேன், வீட்டாரின் பொறுமை எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த மூன்றில் கடைசிக் கணக்குதான் கடினம். ரேடியோ பேட்டரி தீர்ந்தால் மாற்று பேட்டரி போட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டின் விதிகள்

உலகெங்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் மலை ஏறி அங்கிருந்து பேசும் இந்தத் திட்டத்தின் பெயர் சம்மிட்ஸ் ஆன் தி ஏர். சுருக்கமாக சோட்டா. 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் இந்தி தெரிந்த என் மனைவி, "சோட்டா என்றால் சின்னது. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்றாள்.

விதிகள் எளிமையானவை. கடைசி ஏற்றத்தைக் காலால்தான் ஏற வேண்டும். வண்டியில் உச்சிவரை போய் இறங்கிப் பேசினால் கணக்கில் வராது. உச்சிப் புள்ளியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் எங்கு நின்றும் பேசலாம். மின்சாரம் பேட்டரியிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ வரவேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும், நிலத்திலுள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசுவது செல்லாது. உங்கள் பக்கத்தில் அதே உச்சியில் நிற்கும் இன்னொரு ஹாமோடு பேசுவதும் செல்லாது. ஒருவரோடு பேசினாலே மலையை ‘இயக்கியதாக’ப் பதிவாகும். ஆனால் புள்ளி வேண்டுமென்றால் வெவ்வேறு நான்கு பேர். உயரத்தைப் பொறுத்து ஒரு மலைக்கு 1 முதல் 10 வரை புள்ளி. ஒரே மலைக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான்.

ஏறுபவர் 1000 புள்ளி சேர்த்தால் ‘மலையாடு’ என்று பட்டம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏறுபவர்களைத் துரத்திப் பிடித்துப் பேசுபவருக்கும் புள்ளி உண்டு. அவர் 1000 சேர்த்தால் ரேடியோ அறைச் சோம்பேறி என்கிற பொருளில் ஒரு பட்டம். இந்தச் சோம்பேறிகள் இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம். நாம் மலையில் கத்தும்போது பதில் சொல்லக் காத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

முதல் படி: உரிமம்

நான் இங்கிலாந்தில் வசிப்பதால் இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன். தொடக்க நிலை உரிமத்துக்கு ஃபவுண்டேஷன் என்று பெயர். 26 கேள்விகள், ஒரு மணி நேரம், 19 சரியாக இருந்தால் தேர்ச்சி. தேர்வை நடத்துவது 1913இல் தொடங்கிய ரேடியோ சொசைட்டி ஆஃப் கிரேட் பிரிட்டன். வீட்டிலிருந்தே இணையம் வழியாக எழுதலாம். வயது வரம்பு இல்லை, எனவே பத்து வயதுப் பிள்ளையும் எழுதலாம். தேர்ச்சி பெற்றபின் பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் உரிமம் இலவசம். அதோடு ரேடியோவில் உங்கள் பெயர்போல நிற்கும் ஓர் அழைப்புக்குறி வரும். 2024 பிப்ரவரி முதல் ஃபவுண்டேஷன்காரர்களுக்கு 25 வாட் வரை அனுமதி. நமக்கு 5 வாட்டே போதும்.

அதே 2024 மாற்றத்தில் குடும்பஸ்தர்களுக்குப் பிடித்த ஒன்றும் வந்தது: உரிமம் பெற்றவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வை செய்தால், உரிமம் இல்லாதவரும் மைக்கைப் பிடித்துப் பேசலாம். பிள்ளைகளைப் பேசவைப்பதற்கு இதுதான் வழி. சட்டப்பொறுப்பு முழுக்க உங்களுடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் உரிமம் தருவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, தேர்வும் நடைமுறையும் வேறு. உரிமம் கைக்கு வரும்வரை எந்த நாட்டிலும் பேசும் பொத்தானைத் தொடாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், அதுவே நல்ல பயிற்சி.

இரண்டாம் படி: மலையைத் தேர்ந்தெடுப்பது

ரேடியோக்காரர் மட்டும் போவதென்றால் எந்த மலையும் சரி. மனைவி, இரண்டு பிள்ளைகள், கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் மாமனார் என்று ஒரு படை போகும்போது மலையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முழங்கால்களும் மூத்திரப்பையும்தான் தேர்ந்தெடுக்கும். என் அளவுகோல்: ஏறி, பேசி, இறங்கி மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வழி தவறவே முடியாத பாதை வேண்டும். வழியில் எங்காவது கேக் கிடைக்க வேண்டும். உச்சியிலிருந்து பார்த்தால் ஊர்கள் தெரிய வேண்டும், ஏனென்றால் ஊர் தெரிந்தால் அங்கிருக்கும் ஆன்டெனாவுக்கும் நாம் தெரிவோம்.

ஷ்ராப்ஷயரில் டெல்ஃபோர்டு நகரத்தை ஒட்டி நிற்கும் ரீக்கின் இவை அனைத்திலும் தேறியது. உயரம் 407 மீட்டர். வடகிழக்கு அடிவாரத்தில் ஃபாரஸ்ட் க்ளென் கார் நிறுத்தத்திலிருந்து அகலமான சரளைப் பாதை. போக வர ஐந்து கிலோமீட்டருக்குள். பாதி வழியில் ஹாஃப்வே ஹவுஸ் என்ற சிற்றுண்டிக் குடில். திறந்திருக்கும் நாளா என்று முன்பே பார்த்துவிட்டுப் போங்கள், மூடியிருந்தால் பிள்ளைகள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். சோட்டா பட்டியலில் இதன் குறியீடு ஜி/டபிள்யூபி-010.

சமவெளியின் நடுவில் தனியாக எழுந்து நிற்கும் மலை இது. வானொலிக்கு அதுதான் பெரிய வரம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அலை தொடும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 407க்கு அது 83 கிலோமீட்டர். எதிர்முனையில் இருப்பவர் வீட்டுக் கூரையில் பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருந்தால் இன்னும் 13 சேரும். வுல்வர்ஹாம்ப்டன், பர்மிங்காம், ஸ்டோக் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. ஞாயிறு காலையில் இவ்வளவு ஜனத்தொகைக்கு நடுவில் நான்கு ஹாம்கள் கிடைக்காமல் போவதற்கு ஒன்று மோசமான வானிலை வேண்டும், இல்லாவிட்டால் மோசமான இடத்தில் நிற்க வேண்டும். பிப்ரவரியில் என்னிடம் இரண்டும் இருந்தன.

வேறு மலைகள் வேண்டுமானால்: மால்வெர்னில் 425 மீட்டர் வூஸ்டர்ஷயர் பீக்கன், காங்கிள்டன் பக்கத்தில் 343 மீட்டர் க்ளவுட், ஏரி மாவட்டத்தில் 335 மீட்டர் லஃப்ரிக் ஃபெல். மூன்றும் குடும்பத்துக்கு ஏற்றவை.

மூன்றாம் படி: பை

இரண்டு மீட்டர் அலைப்பட்டையில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, எஃப்எம்மில் பேசும் 5 வாட் கைக்கருவி ஒன்று. அதற்கு மாற்று பேட்டரி. குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தாளிலும் குளிரிலும் அது காலை வாரிவிடும். ரேடியோ சாமான் அவ்வளவுதான். மீதி எடையெல்லாம் குடும்பத்துக்கு: மழைச்சட்டை, உபரியாக ஒரு ஜோடி காலுறை, உட்கார ஒரு தார்ப்பாய், பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஓ.எஸ்.ஸின் எக்ஸ்ப்ளோரர் 242 வரைபடம், விசில், கட்டுத்துணி. சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். புளியோதரை இன்னும் நன்றாகத் தாங்கும். தயிர்சாதத்தைக் காற்றில் கரண்டியால் சாப்பிட்டுப் பாருங்கள், பாதி அடுத்த ஆளின் சட்டையில் இருக்கும். மாமனாருக்குக் குரங்குக் குல்லா. ஜூன் மாதம்தானே என்று நான் சிரித்தேன். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும், போதாததற்குக் காற்று. உச்சியில் அவர் சிரித்தார்.

பெரிய சிற்றலைக் கருவி, பத்துப் பத்து மீட்டராக விரியும் கம்பி, ஆறு மீட்டர் கம்பம் என்று கொண்டுபோகிறவர்கள் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா முழுக்கப் பேசலாம், அருமையான அனுபவம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரீக்கின் உச்சியில் நாய்களும் குழந்தைகளும் மாரத்தான் பயிற்சிக்காரர்களும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இருபது மீட்டர் கம்பியை அங்கே விரித்தால் முதலில் தடுக்கி விழுவது உங்கள் மாமனாராக இருக்கும். தனியாகப் போகும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வால் கட்டுதல்

கைக்கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா உண்மையில் பாதி ஆன்டெனாதான். மறுபாதி வேலையை உங்கள் கையும் உடம்பும் அரைகுறையாகச் செய்கின்றன. அந்த மறுபாதியை ஒரு கம்பியாகத் தொங்கவிட்டால் குரல் தெளிவாக எட்டும். ஹாம்கள் இதைப் புலிவால் என்பார்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கணக்கு இதுதான். 300ஐ 145ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால்பங்கு 52 சென்டிமீட்டர். கம்பியில் அலை சற்று மெதுவாகப் போவதால் ஐந்து சதவீதம் கழித்தால் 49. எனவே பழைய ஒலிபெருக்கி வயரோ வேறு மெல்லிய வயரோ 49 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு விரற்கடை அதிகமாக வெட்டுங்கள். ஒரு முனையில் அந்த விரற்கடை அளவு உறையை உரியுங்கள். உள்ளேயிருக்கும் செம்பு இழைகளைத் திரி திரிப்பதுபோல் இறுக்கமாகத் திரித்து, ஆன்டெனாவைத் திருகும் கழுத்தின் வெளிவளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஈயம் வைத்து இழைகளை ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. அதன்மேல் ஆன்டெனாவைத் திருகுங்கள். வால் கீழே தொங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓர் இழை கூட நடுவிலுள்ள ஊசியைத் தொடக்கூடாது. தொட்டால் அனுப்பும் மின்சாரம் திரும்பி வந்து கருவியின் உயிரை வாங்கும். சமையலறை மேசையில், நல்ல வெளிச்சத்தில் கட்டுங்கள், மலையில் கட்டாதீர்கள். நான் கட்டியபோது மகள் அளவுநாடாவைப் பிடித்தாள். முடிந்ததும் வாலின் நுனியில் சிவப்பு நூலால் ஒரு குஞ்சம் முடிந்துவிட்டாள். அதனால் வானொலிக்கு நன்மையில்லை, தீமையும் இல்லை.

இதற்கு மேல் வேண்டுமானால் சுருட்டி எடுத்துப்போகும் ஸ்லிம் ஜிம் ஆன்டெனாவைக் கண்ணாடியிழைக் கம்பத்தில் தொங்கவிடலாம். மீன்பிடிக் கடையில் கம்பம் வாங்கினால் கார்பன் இழையா என்று கேளுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஆன்டெனாவைக் கெடுக்கும். ரீக்கினில் இது தேவையில்லை. சொல்லப்போனால் அங்கே பெரிய ஆன்டெனா தொல்லைதான்; ஏன் என்று பிறகு.

நான்காம் படி: ஊருக்குச் சொல்லுதல்

போவதற்கு முந்தைய மாலை சோட்டாவாட்ச் தளத்தில் அறிவிப்பு ஒன்று போடுங்கள்: எந்த மலை, எத்தனை மணிக்கு, எந்த அலைவெண். இரண்டு வரி வேலை. பிப்ரவரியில் நான் இதைச் செய்யவில்லை. சொல்லாமல் போய் விருந்தை எதிர்பார்த்தேன். தளத்தில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் போட வேண்டும். பிரிட்டனில் கோடைகாலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உச்சியில் 11:30 என்றால் 10:30 என்று போடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி தாமதமானால் யாரும் கோபிப்பதில்லை. குடும்பத்தோடு வருகிறேன் என்று குறிப்பில் எழுதினால் கூடுதல் கருணையும் கிடைக்கும்.

காலையில் வானிலையைப் பாருங்கள். இடி என்ற சொல் எங்காவது இருந்தால் போகாதீர்கள். உச்சியில் இருக்கும்போது இடி கேட்டால் ஆன்டெனாவைக் கீழே இறக்கி, உடனே இறங்குங்கள். மூன்று தொடர்பு ஆகியிருந்தாலும் சரி. அவசரம் என்றால் 999 அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். ஹாம் ரேடியோ இருக்கிறதே என்று கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற வீரம் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஏற்றம்

முதல் இருபது நிமிடம் மரங்களுக்கு நடுவில் நல்ல ஏற்றம். "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்வி இங்கேதான் தொடங்கும். அதற்கு ரீக்கினிடமே மருந்து இருக்கிறது.

வேல்ஸிலிருந்து ஒரு ராட்சதன் வந்தான். ஷ்ரூஸ்பரி நகரத்தின் மேல் அவனுக்குக் கோபம். மண்வெட்டி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு, செவர்ன் ஆற்றை அணைத்து ஊரை மூழ்கடிக்கக் கிளம்பினான். வழி தெரியவில்லை. எதிரே ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, தைப்பதற்கு வாங்கிய பழைய காலணிகளை மூட்டையாகச் சுமந்து வந்தார். "ஷ்ரூஸ்பரி எவ்வளவு தூரம்?" என்று கேட்டான் ராட்சதன். அவர் மூட்டையை அவிழ்த்துக் காட்டினார்: "அங்கிருந்துதான் வருகிறேன். நடந்து நடந்து இத்தனை ஜோடி தேய்ந்துவிட்டது." ராட்சதன் சலித்துப்போய் மண்ணை அங்கேயே கொட்டினான். அதுதான் ரீக்கின். காலணியில் ஒட்டிய மண்ணை மண்வெட்டியால் சுரண்டிப் போட்டான்; அது பக்கத்திலிருக்கும் சின்னக் குன்று, எர்கல்.

கதையை ஹாஃப்வே ஹவுஸ் வரை இழுக்க வேண்டும். இழுக்கத் தெரியாதவர்கள் காலணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். என் மகன் நாற்பத்தி மூன்றாவது ஜோடியில் கேக்கைப் பார்த்துவிட்டான்.

குடிலுக்கு மேலே, இரும்புக்காலக் கோட்டையின் மண் அரண்கள் வருகின்றன. கொர்னோவி என்ற பழங்குடியினரின் கோட்டை. முதலில் வருவது நரக வாசல், அதைத் தாண்டினால் சொர்க்க வாசல். ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள்தான். "வரிசை சரியாகத்தான் இருக்கிறது" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமனார். இந்தப் பக்கத்து மக்கள், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல ஏதாவது செய்தால் ரீக்கினைச் சுற்றிப் போவதாகச் சொல்வார்கள். மகளுக்கு அது பிடித்துப்போய், என் கதையே ரீக்கினைச் சுற்றிப் போகிறது என்றாள்.

ஆறாம் படி: எங்கே நிற்பது

உச்சிக்குச் சற்று முன்னால் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. பிப்ரவரியில் காற்றுக்கு ஒதுங்க வசதியாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் நின்றதுதான் நான் செய்த தவறு.

விலை குறைந்த கைக்கருவிகளின் காது ரொம்ப அகலமானது. வேண்டிய அலைவெண்ணை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி அவற்றில் சரியாக இருப்பதில்லை. பக்கத்தில் பலமான ஒலிபரப்பு இருந்தால் கருவி அதில் மூழ்கி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைத் தவறவிடும். திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு எதிர்த் திண்ணையில் இருப்பவர் சொல்வதைக் கேட்பது போலத்தான். வேடிக்கை என்னவென்றால் நம் குரல் அவர்களுக்கு நன்றாகவே போய்ச் சேரும். அன்று எத்தனை பேர் எனக்குப் பதில் சொல்லி, நான் கேட்காமல் மறுபடி மறுபடி கூப்பிடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்களோ!

மருந்து மூன்று. முதலில், கோபுரத்தை விட்டு விலகுங்கள். உச்சியைக் குறிக்கும் தூணைத் தாண்டித் தென்மேற்குப் பக்கம் போங்கள். செங்குத்தாக 25 மீட்டர்தான் எல்லை. கிடைமட்டத்தில் எவ்வளவு நகர்ந்தாலும் அந்த உயரத்துக்குள் இருந்தால் விதிக்குள்தான் இருக்கிறீர்கள். அடுத்து, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, கருவியை மார்புக்கு முன்னால் பிடியுங்கள். மனித உடம்பு அலையை ஓரளவு மறைக்கும். கடைசியாக, ஆன்டெனாவைப் பெரிதாக்காதீர்கள். பெரிய ஆன்டெனா தொலைவுக் குரலைக் கூட்டும்போது கோபுரத்தின் கூச்சலையும் சேர்த்துக் கூட்டும். ரப்பர் ஆன்டெனாவும் வாலும் இங்கே அளவாகப் பொருந்துகின்றன.

இந்தப் பக்கத்தில்தான் ஊசிக்காது என்கிற பாறைப் பிளவும் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் நுழையப் பார்ப்பார்கள். பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும், அந்தப் பெரியவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருப்பவராக இருக்கக்கூடாது. யார் எப்போது பிள்ளைகளைப் பார்ப்பது என்பதை அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் ஒப்பந்தம்: முதல் பதினைந்து நிமிடம் எனக்கு, பிறகு எல்லோரும் சாப்பாடு, அதன்பின் இருபது நிமிடம் பிள்ளைகளோடு ரேடியோ.

ஏழாம் படி: பேசுதல்

145.500 மெகாஹெர்ட்ஸ் எல்லோரும் கூடும் அழைப்பு அலைவெண். அங்கே கூப்பிட மட்டும்தான் செய்யலாம், கதை பேசக்கூடாது. வழிமுறை இது:

முதலில் ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியட்டும்.

பிறகு, குடியிருக்க ஓர் இடம் தேடுங்கள். 145.400, 145.425, 145.450 என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, காலியாக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டு, ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

145.500க்குத் திரும்பி வந்து கூப்பிடுங்கள்: "சிக்யூ சோட்டா, சிக்யூ சோட்டா", உங்கள் அழைப்புக்குறி, ‘போர்ட்டபிள்’, மலையின் பெயர். சிக்யூ என்றால் கேட்கிற யாரும் பதில் சொல்லலாம் என்று பொருள், போர்ட்டபிள் என்றால் வீட்டுக்கு வெளியிலிருந்து பேசுகிறேன் என்று பொருள். அழைப்புக்குறியை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று விரித்துச் சொல்லுங்கள். நிதானமாக. காற்றுக்கு முதுகைக் கொடுத்து, மைக்கை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.

பதில் வந்ததும் அவரை நீங்கள் பார்த்துவைத்த அலைவெண்ணுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே இரண்டு பேரும் பரிமாறிக்கொள்ள வேண்டியவை அழைப்புக்குறியும் ஒலித்தர அறிக்கையும். அறிக்கை இரண்டு எண்: புரிகிற அளவு ஐந்துக்கு, பலம் ஒன்பதுக்கு. தெளிவாக, உரக்கக் கேட்டால் ‘ஐந்து ஒன்பது’. மலையின் குறியீட்டையும் சொல்லிவிடுங்கள், அவருக்கும் புள்ளி வேண்டுமே. உடனே எழுதுங்கள்: நேரம், குறி, அலைவெண், கொடுத்தது, பெற்றது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் ஆள் வரும்போது முதல் ஆளின் கடைசி எழுத்து மறந்திருக்கும்.

‘எழுபத்து மூன்று’ என்பது விடைபெறும் வாழ்த்து. சொல்லிவிட்டு அதே அலைவெண்ணிலேயே இருங்கள். முதல் ஆளைப் பின்தொடர்ந்து மற்றவர்கள் அங்கே வந்திருப்பார்கள். ஆள் வரத்து நின்றால், கைப்பேசியில் சோட்டாவாட்ச் தளத்தைத் திறந்து ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு வரி போடுங்கள். நாற்காலியில் காத்திருக்கும் சோம்பேறிகள் ஓடி வருவார்கள்.

ஜூன் மாதம் எனக்கு நான்காவது ஆள் பன்னிரண்டாவது நிமிடத்தில் கிடைத்தார். அவர் வேறொரு மலையுச்சியில் இருந்தார். உச்சிக்கு உச்சி பேசினால் தனிப் பெருமை. அவருடைய மலைக் குறியீட்டையும் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கை நீங்களே பேசி முடித்துவிடுவது நல்லது. அதன்பிறகு மைக் பிள்ளைகளுக்கு.

ஒன்பது வயது மகள் வீட்டில் நாலு நாள் ஒத்திகை பார்த்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள், "ஹலோ" என்றாள், விரலை எடுக்க மறந்துவிட்டாள். ஐந்து நொடிகள் ஷ்ராப்ஷயர் முழுக்க அவள் மூச்சுவிடுவது ஒலிபரப்பானது. விரலைத் தொட்டு எடுத்துவிட்டேன். ஸ்டோக் பக்கத்திலிருந்து வயதான குரல் ஒன்று சிரித்துக்கொண்டே, மதியச் சாப்பாடு என்ன என்று கேட்டது. எலுமிச்சை சாதம் என்றாள். சோற்றில் எலுமிச்சையா, இனிப்பா என்று அவர் கேட்டார். இனிப்பில்லை, மஞ்சள் நிறம், கடுகு வெடிக்கும், நிலக்கடலை இருக்கும் என்று அவள் விளக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. விரலை எடுப்பது எப்போது என்று அதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. முன்கூட்டி எழுதிக் கொடுத்த வசனம் ஒன்றும் உதவவில்லை, சாப்பாடுதான் உதவியது. பிள்ளைகளைப் பேசவைக்க நினைப்பவர்கள் எதிர்முனையில் இருப்பவரிடம், "என் மகள் பேசுகிறாள், ஏதாவது கேளுங்கள்" என்று சொன்னால் போதும். ஆன்டெனா முகத்தில் படாதபடி கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மாமனார் இதையெல்லாம் தார்ப்பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, இதில் சிலோன் கேட்குமா?" என்றார். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக்காகச் சிற்றலைப் பெட்டியின் குமிழைத் திருகித் திருகிக் கைவிரல் தேய்ந்த தலைமுறை. கேட்காது மாமா, இது நேர்கோட்டில் போகிற அலை, சிற்றலைதான் வானில் பட்டுத் திரும்பும் என்றேன். "அப்படியென்றால் அந்தப் பெரிய கம்பியைக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார்.

எட்டாம் படி: இறங்குவதும் பதிவதும்

கிளம்பும் முன் 145.500இல் ‘கடைசி அழைப்பு’ என்று ஒரு முறை சொல்லுங்கள். தயங்கிக்கொண்டிருந்த ஒருவர் கட்டாயம் வருவார். எங்கள் ஒன்பதாவது அப்படி வந்தவர்தான். பிறகு கருவியை அணைத்து, வாலைச் சுருட்டி, தார்ப்பாயைத் தூக்கி, அடியில் ஆரஞ்சுத் தோல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பாதையில் இறங்குங்கள். சரளைக்கல் இறக்கத்தில்தான் வழுக்கும். பெரியவர்களுக்குக் கைத்தடி ஏற்றத்தைவிட இங்கே தேவை.

வீட்டுக்கு வந்த அன்றே பதிவைச் சோட்டா தரவுத்தளத்தில் ஏற்றிவிடுங்கள். மலையைத் தேர்ந்தெடுத்து, தேதி போட்டு, ஒவ்வொரு தொடர்பையும் வரிசையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். நேரத்தில் ஒரு மணியைக் கழிக்க மறக்காதீர்கள். நான் செய்யும்போது ஆறாவது வரியில் நின்றுவிட்டேன். ஸ்டோக்காரரின் அழைப்புக்குறிக்குப் பக்கத்தில், பென்சிலால், மகளின் கையெழுத்தில் ‘எலுமிச்சை சாதத் தாத்தா’ என்று இருந்தது. குறிப்புக் கட்டத்தில் அதையும் அப்படியே ஏற்றினேன்.